நேர் சாலையில் கண் செய்யும் தவறுகள்: ராமநாதபுரம் கடலோரத்தில் பைக் ஓட்டுவோருக்கு

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையிலும், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி வழியாகப் போகும் ஈசிஆரிலும் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை தெரிகிறது. தெரிகிற சாலை காலியாக இருந்தால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தப் பக்கத்தில் நடக்கும் முதல் தவறு.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 17 மீட்டர் ஓடும். ஒன்றைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகவே ஒரு வினாடி ஆகும். அதன்பின் காய்ந்த தாரில், நல்ல டயரோடு, நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக 37 மீட்டர். 80-இல் போனால் அதுவே 57 ஆகிறது. முன்சக்கரத்துக்கு 20 மீட்டர் முன்னால் மட்டும் பார்த்து ஓட்டுகிறவர் பள்ளத்தைப் பார்க்கும்போதே அதில் இறங்கிவிட்டார் என்று பொருள். அடுத்த 12 வினாடியில் நாம் போய்ச்சேரும் இடத்தில் பார்வை இருக்க வேண்டும். 60-இல் அது 200 மீட்டர். அங்கிருந்து பக்கத்துக்கும், கண்ணாடிக்கும், மறுபடி தூரத்துக்கும் கண் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

முன்னால் போகும் பஸ்ஸின் முதுகையே பார்த்து ஓட்டுவதும் அதே தவறுதான். பஸ் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் இடைவெளி போதாது. மழையில் நான்கு வரை எண்ண வேண்டும்.

சாலையை மட்டும் பார்த்து ஓரத்தை விட்டுவிடுவது இங்கே இன்னும் மோசமான பலன் தரும். பல இடங்களில் சீமைக்கருவேல் தார் விளிம்பு வரை வளர்ந்து நிற்கிறது. உள்ளிருந்து ஆடு வருவது கடைசி நொடியில்தான் தெரியும். ஓர் ஆடு கடந்துவிட்டால் ‘போயாச்சு’ என்று ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள், மந்தையின் மிச்சம் பின்னால் வரும். பிரிந்து நிற்கும் ஒற்றை ஆடு கூட்டம் இருக்கும் பக்கத்துக்கே பாயும். கருவேலுக்கு மேல் புழுதி எழுந்தால் மண்பாதையில் ஏதோ வண்டி வருகிறது. தாரில் டிராக்டர் டயரின் மண் ஒட்டியிருந்தால் பக்கத்தில் வயல் பாதையோ கண்மாய்ப் பாதையோ சேர்கிறது. நிற்கும் பஸ்ஸின் அடியில் கால்கள் தெரிந்தால் ஆள் குறுக்கே வரப்போகிறார். இவற்றைக் கண்டதுமே முறுக்கை விட்டு, இரண்டு விரலைப் பிரேக் மேல் வைத்துவிட்டால், கை பிரேக்குக்குப் போக ஆகும் அந்த ஒரு வினாடியில் பாதியாவது மிச்சமாகும்.

பாம்பன் பாலத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். 1988-இல் திறக்கப்பட்ட இந்த இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலத்தில் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. ஆனி, ஆடியில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிக்கும். ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது அது வலப்புறம், எனவே வண்டியை உங்களை அறியாமலே வலப்பக்கம் சாய்த்து ஓட்டுவீர்கள். எதிரே லாரி வந்து காற்றை மறைத்த நொடியில் வண்டி லாரிப் பக்கமே நகரும். லாரி கடந்ததும் காற்று கைப்பிடிச் சுவர் பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது காற்று இடப்புறமிருந்து எதிர்வண்டியை நோக்கியே தள்ளும். வாடைக்காற்றுக் காலத்தில் இது அப்படியே தலைகீழாகும். லாரி நெருங்கும் முன்பே 40-க்குக் குறைத்து, தடத்தின் நடுவில் இருங்கள். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தியே பிடியுங்கள்; விறைத்த கை, உடம்பில் படும் காற்றை அப்படியே ஹேண்டிலுக்குக் கடத்திவிடும். பின்னால் உயரமாகக் கட்டிய மூட்டை பாய்மரம் போல் காற்றைப் பிடிக்கும். பின்னிருப்பவரின் துப்பட்டா, சேலைத் தலைப்பு இரண்டையும் ஏறும்போதே இழுத்துச் செருகச் சொல்லுங்கள். கடல் பார்க்கப் பாலத்தில் நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு எப்போதும் திறக்கலாம்.

தனுஷ்கோடி பக்கம், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலையின் மேல் மணல் மெல்லிய படலமாகப் படியும். தூரத்தில் தாரின் நிறம் வெளிறித் தெரியும் இடம் அதுதான். மணலுக்கு வந்தபின் முன்பிரேக்கைப் பிடிப்பதால் விழுகிறவர்களே அதிகம். வருவதற்கு முன் வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, பிரேக்கும் திருப்பமும் இல்லாமல் கடக்க வேண்டும். மணல் திட்டையே வெறித்துப் பார்த்தால் வண்டி அதற்குள்ளேதான் போகும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் கருப்புத் தாரைப் பாருங்கள். மண்டபம், பாம்பன் மீன் வண்டிகள் சிந்தும் ஐஸ் தண்ணீரும் வழுக்கும், ஈரக் கோட்டின் மேல் போக வேண்டாம்.

காலையில் ராமேஸ்வரம் பக்கம் போனாலும் மாலையில் ராமநாதபுரம் பக்கம் வந்தாலும் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். இதைவிடப் பலரும் கவனிக்காதது ஒன்று: உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாக விழுந்தால், எதிரே வருகிறவருக்குக் கண் கூசுகிறது, உங்களைத் தெரியாது. அவர் ஓவர்டேக் செய்ய வெளியே வருவார் என்றே எண்ணி இடப்பக்கம் இடம் வைத்திருங்கள்.

இரவில் டிம் லைட்டில் பல வண்டிகளுக்குத் தெளிவாகத் தெரிவது சுமார் 40 மீட்டர்தான், ஆகவே 50-ஐத் தாண்ட வேண்டாம். மழைக்குப் பின் சூடான தாரில் மாடுகள் படுத்திருக்கும். ஹெல்மெட் கண்ணாடியில் காய்ந்த கடல் உப்பு எதிர் விளக்கைச் சிதறடிக்கும். துணியால் வறட்டுத் துடைப்பு துடைத்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டு, பிறகு ஈரமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.