ரயிலுக்குப் புளியோதரை: முதல்முறை கட்டுகிறவர்களுக்கு

வீட்டில் சுடச்சுடச் சாப்பிடுகிற புளிசாதம் வேறு, ரயிலில் பிரித்துச் சாப்பிடுகிற புளியோதரை வேறு. பொருட்கள் ஒன்றுதான், பக்குவம்தான் வேறு. இது தெரியாமல் முதல்முறை நான் நாகர்கோவில் போனபோது சாதத்தைச் சூடாகவே கிளறி, டப்பாவில் அழுத்தி மூடி எடுத்துப் போனேன். எழும்பூரில் மாலை ஏறியது. விடியற்காலையில் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்முத்து, சாதம் கொழகொழவென்று ஒரு வாடை. அப்படியே கொட்டினேன். வழிச்சோறு கெடுவதற்குக் காரணம் ஈரம்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே சொல்லியிருக்கிற ஒவ்வொரு வேலையும் ஏதோ ஒரு வகையில் ஈரத்தைக் குறைக்கிற வேலைதான்.

நான்கு பேருக்கான அளவு இது. பச்சரிசி 2 கப் (ஏறக்குறைய 400 கிராம்), புளி 60 கிராம், நல்லெண்ணெய் அரை கப்புக்குக் கொஞ்சம் மேலே, கல் உப்பு, மஞ்சள்தூள் 1 டீஸ்பூன், கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, வெல்லம் சிறு துண்டு. தாளிக்கக் கடுகு, 2 டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, 8 காய்ந்த மிளகாய், இரண்டு கொத்து கறிவேப்பிலை. தனியாக வறுத்துச் சேர்க்க ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பொடிக்கு: தனியா 2 டேபிள்ஸ்பூன், கடலைப்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் 5, மிளகு 1 டீஸ்பூன், எள் 2 டீஸ்பூன், வெந்தயம் அரை டீஸ்பூன். வெங்காயம், பூண்டு, தேங்காய் மூன்றும் பயணச் சோற்றில் வேண்டாம். வீட்டில் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம்.

புளி

கடையில் பழம்புளி என்று கேட்டு வாங்குங்கள். மாசி, பங்குனியில் வருகிற புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், புளிப்பும் வெடுக்கென்று அடிக்கும். ஒரு வருடம் இருந்த புளி கறுத்து, புளிப்போடு ஒரு கனத்த வாசனையும் சேர்ந்திருக்கும். புளிக்காய்ச்சலுக்கு அந்தக் கறுப்புதான் அழகு. வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, இரண்டு கப் தண்ணீருக்கு மேல் போகாமல் கெட்டியாகக் கரைத்து, கொட்டையும் நாரும் போக வடிகட்டுங்கள். தண்ணீரைத் தாராளமாக விட்டால், அவ்வளவையும் அடுப்பில் நின்று சுண்டவைக்க வேண்டியது நீங்கள்தான்.

பொடி

எள்ளை வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து எடுத்துவிடுங்கள். மற்றதைச் சில சொட்டு எண்ணெயில் வறுக்கலாம். வெந்தயத்தைக் கடைசியில் போடுங்கள். பொன்னிறம் தாண்டிக் கருகினால் மொத்தச் சட்டியும் கசக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. ஆறியதும் கொஞ்சம் கரகரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள்.

புளிக்காய்ச்சல்

இங்கேதான் பொறுமை வேண்டும். பாத்திரம் முக்கியம். கல்சட்டி இருந்தால் அதுதான் உத்தமம். இல்லாவிட்டால் அடிகனமான எவர்சில்வர் போதும். அலுமினியம் கூடாது, புளி அதை அரிக்கும். நல்லெண்ணெயில் இரண்டு டேபிள்ஸ்பூனைச் சாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காயவைத்து, பெருங்காயத்தைப் பொரியவிட்டு, கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள் என்று வரிசையாகப் போட்டு, புளிக்கரைசலை ஊற்றுங்கள். உப்பையும் இப்போதே போட்டுவிடலாம். நடுத்தரத் தீ.

முதல் பத்து நிமிடம் ரசம் மாதிரித் தளதளவென்று கொதிக்கும். பச்சை வாசனை மூக்கில் ஏறும். பிறகு சத்தம் மாறும். குமிழிகள் பெரிதாகி, மெதுவாக, ஒவ்வொன்றாக உடையும். இந்த நேரத்தில் தெறிக்கும், அரை மூடி போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுமினுப்பது இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தெரியும். அதோடு அவசரப்பட்டு இறக்க வேண்டாம். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுத் தட்டைச் சாயுங்கள். சொட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம் படர்ந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். எண்ணெய் மட்டும் வழிந்து, புளி அசையாமல் நின்றால் பதம். வெல்லத்தையும் பொடியையும் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். வேர்க்கடலையைச் சட்டியில் கொதிக்கவிட்டால் நமத்துப்போகும். தனியே வறுத்து, சாதம் கலக்கும்போது போடுவதே நல்லது.

புளிச்சோறு மட்டும் எப்படி இத்தனை நேரம் தாங்குகிறது என்று பலருக்கும் தோன்றியிருக்கும். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் எவ்வளவு கொதித்தாலும் ஆவியாகிப் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அமிலம் அடர்த்தியாகிறது. உப்பும் கூடச் சேர்கிறது. கிருமி வளரத் தேவையான ஈரமும் குறைந்துவிடுகிறது. எண்ணெய் மேலே நின்று காற்றுப் படாமல் தடுக்கிறது. நம் பாட்டிகள் 'எண்ணெய் மிதக்க' என்று சொன்னதில் இவ்வளவும் அடக்கம், எண்ணெயைக் குறைக்கச் சொல்லி யாராவது சொன்னாலும் பயணத்துக்கு மட்டும் கேட்காதீர்கள்.

சாதம்

அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்தால் குக்கரில் உதிரியாக வரும். பழைய அரிசியாக இருந்தால் நல்லது. வெந்ததும் அப்படியே குக்கரில் விட்டுவைக்காமல் அகலமான தாம்பாளத்தில் கொட்டி, எடுத்து வைத்த நல்லெண்ணெயை ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறாமல் பரத்திவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஆவி முழுக்கப் போய், உள்ளங்கையை வைத்தால் சூடே தெரியக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறிவிட வேண்டும்.

இதில் சலுகையே இல்லை. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியில் இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பாக, ஈரமாக மூடிக்கிடக்கிற சோறு அவை முளைத்துப் பெருக வாகான இடம். வாந்தி வரவழைக்கிற அதன் நஞ்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. குழந்தைகளும் சாப்பிடப்போகிற சோறு இது.

ஆறிய சாதத்தில் காய்ச்சலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, அரிசி உடையாமல் கையால் பிசிறுங்கள். கை, கரண்டி எதிலும் துளித் தண்ணீர் இருக்கக்கூடாது. வாயில் போட்டால் உப்பும் புளிப்பும் ஒரு பங்கு தூக்கலாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் சோறு அதை இழுத்துக்கொண்டு சரியாகிவிடும்.

கட்டுவது

வாழையிலையைத் தணலில் காட்டி வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஒருவருக்கு ஒரு பொட்டலம் என்று கட்டுங்கள். ஒரே டப்பாவில் பலர் கை விடுவதும் கெடுவதற்கு ஒரு வழி. செய்தித்தாள் சோற்றில் படவே கூடாது, மை ஒட்டும். அலுமினியத் தாளும் புளிக்கு ஆகாது. இலை கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த எவர்சில்வர் டப்பா. தொட்டுக்கொள்ள வடாம், மோர்மிளகாய், மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு எடுத்துக்கொள்ளலாம். தேங்காய்த் துவையலை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மாலை ஆறு மணி ரயில் என்றால் நான் செய்கிற கணக்கு இது: காய்ச்சல் முந்தின நாள் இரவே தயார். மதியம் இரண்டுக்குச் சாதம் வடித்து, மூன்றுக்குள் ஆற்றி, மூன்றரைக்குக் கலந்து, ஐந்துக்குக் கட்டுவது. அன்றிரவு ஒரு வேளை, மறுநாள் காலை ஒரு வேளை, அவ்வளவுதான். சித்திரை, வைகாசி வெயிலில் காலை வேளையையும் நம்ப மாட்டேன். திப்ரூகர் – கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் மாதிரி 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டியில் போகிறவர்கள் சோற்றைக் கலக்கவே வேண்டாம். காய்ச்சலை மட்டும் கண்ணாடிப் பாட்டிலில், மேலே விரற்கடை எண்ணெய் நிற்கிற மாதிரி எடுத்துக்கொண்டு, வழியில் சூடாக வெறும் சாதம் வாங்கிப் பிசைந்துகொள்ளலாம். வடநாட்டு ரொட்டிக்கு அதைத் தொட்டுக்கொண்டாலும் நன்றாகவே இருக்கும்.

வழியில் கொண்டுபோகும் சாப்பாட்டுக்கு ஆற்றுணா என்று ஒரு பழைய தமிழ்ச் சொல் உண்டு. ஆறு என்றால் வழி. எனக்கு மிகவும் பிடித்த சொல், பொட்டலம் கட்டும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

பிரித்ததும் முதல் கவளத்தை உடனே வாயில் போடாதீர்கள். நாலு பருக்கையை விரலால் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். உதிர்ந்தால் சாப்பிடலாம். மெல்லிசாக நூல் இழுத்தால், வாசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இட்லி வாங்கிக்கொள்ளுங்கள்.