மயக்க மருந்தில் நேர்ந்த தவறு: வழக்கு தொடங்கும் முன்பே தோற்றுப்போகும் இடங்கள்

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிய பிறகு உள்ளே நடப்பதற்குக் குடும்பத்தில் யாரும் சாட்சி இல்லை. நோயாளியும் மயக்கத்தில் இருந்தவர், அவராலும் எதுவும் சொல்ல முடியாது. மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள், கட்டு தவறாகப் போட்டார்கள் என்றால் பார்த்தவர் நாலு பேர் இருப்பார்கள். மயக்க மருந்து வழக்கு மட்டும் முழுக்க முழுக்கக் காகிதத்தை நம்பி நிற்கிறது. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டு ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். நியாயம் அவர்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் துக்கத்திலும் கோபத்திலும் முதல் சில வாரங்களில் செய்யாமல் விட்டதால் அதை நிரூபிக்க வழியில்லாமல் வந்து நிற்பார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி போதும் என்று வீட்டுக்கு வந்துவிடுவது

பெரும்பாலோர் கையில் இருப்பது டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும்தான். 'அறுவை சிகிச்சையின்போது இதயத்துடிப்பு நின்றது, சிபிஆர் கொடுக்கப்பட்டு மீண்டது' என்று சம்மரியில் ஒற்றை வரி இருக்கும். எத்தனை மணிக்கு நின்றது, அதற்கு முன் ஆக்சிஜன் எப்போது இறங்கத் தொடங்கியது, எத்தனை நிமிடம் கழித்துக் கவனித்தார்கள் என்ற கேள்விகளில்தான் வழக்கே இருக்கிறது. பதில் இருப்பது 'அனஸ்தீசியா சார்ட்' என்று ஆஸ்பத்திரியில் சொல்லும் கட்டம் போட்ட தாளில்.

அந்தத் தாளை ஒருமுறையாவது பொறுமையாகப் பாருங்கள். மேலே நேரம், வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். நாடித்துடிப்புக்குப் புள்ளி, பிபியின் மேல் அளவுக்கு ஒரு குறி, கீழ் அளவுக்கு ஒரு குறி. அடுத்து ஆக்சிஜன் சதவீதம், மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு. ஓரத்தில் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம். செயற்கை சுவாசக் குழாய் மூச்சுக்குழலுக்குள் போகாமல் உணவுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் அதை உடனே காட்டிக்கொடுப்பது கார்பன் டை ஆக்சைடு வரிதான். முழு மயக்கம் கொடுத்த ஆபரேஷனில் அந்த வரி வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஆக்சிஜன் போகாமல் நாலைந்து நிமிடம் ஆனாலே மூளையில் மீளாத சேதம் தொடங்கிவிடும். அதனால் இந்தத் தாளில் இரண்டு கட்டம் விடுபட்டிருப்பதும் பெரிய விஷயம்.

இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கவுண்டரில் வாயால் கேட்டுவிட்டு, 'எம்.ஆர்.டி.யில் (ஆவணப் பிரிவில்) ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்று சொன்னதும் திரும்பி வருவது வீண். இரண்டு பிரதியில் கடிதம் எழுதி, ஒன்றில் சீலோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனஸ்தீசியா சார்ட், ஆபரேஷனுக்கு முந்தைய மயக்க மருந்துப் பரிசோதனைத் தாள், சம்மதப் படிவம், நர்ஸ் குறிப்புகள், ஐசியூ சார்ட் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'எல்லா ஆவணங்களும்' என்று பொதுவாக எழுதினால் சம்மரியின் நகலை மட்டும் நீட்டுவார்கள். தியேட்டர் வாசல் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். அது சீக்கிரம் அழிந்துபோகும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

பலர் தூக்கிப் போடுகிற பொருள் ஒன்று உண்டு: ஆஸ்பத்திரி மருந்துக்கடை பில். பல கடை பில்களில் நேரமும் அச்சாகியிருக்கும். உயிர் மீட்க அட்ரினலின் ஊசி வாங்கி வரச் சொன்ன பில் 11.10க்கு இருக்க, இதயம் 11.30க்கு நின்றதாக சார்ட்டில் எழுதியிருந்தால், அந்தச் சின்னத் துண்டுக் காகிதம் பேசும். உங்களுக்கு வந்த போன் அழைப்புகளின் நேரம், ஆம்புலன்சுக்குப் போட்ட அழைப்பின் நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

'உடம்பை அறுக்க வேண்டாம்' என்று கையெழுத்துப் போடுவது

இதை எழுதவே மனது கனக்கிறது. தியேட்டரிலேயே இறந்துபோனவரைப் பார்த்து நிற்கும் தாயிடம் பிரேதப் பரிசோதனை பற்றிப் பேசுவது எளிதல்ல. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். பரிசோதனை இல்லாவிட்டால் 'அவருக்கு முன்பே இதய நோய் இருந்திருக்கும்' என்ற வாதத்தை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. மயக்க மருந்துச் சாவில் அறுத்துப் பார்த்தால் மட்டும் காரணம் பளிச்சென்று தெரிந்துவிடாது என்பதும் உண்மை. உள்ளுறுப்பு ரசாயனப் பரிசோதனை, திசுப் பரிசோதனை, அனஸ்தீசியா சார்ட் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வர முடியும். போலீசில் கொடுக்கும் மனுவிலேயே இவற்றையும் வீடியோ பதிவையும் கேளுங்கள்.

ஆத்திரத்தில் கண்ணாடியை உடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டு மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை 3 ஆண்டிலிருந்து 10 ஆண்டு வரை. பாதிக்கப்பட்ட குடும்பமே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டால் அப்புறம் வருவது சமரசக் கடிதம்தான்.

மயக்க டாக்டர் யாரென்றே கேட்காமல் விடுவது

சின்ன நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து நிபுணர் அங்கேயே இருப்பதில்லை. போன் போட்டால் வருவார், ஊசி போட்டு ஆபரேஷன் முடித்து அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். குடும்பம் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்காது. அதனால் மனுவில் சர்ஜன் பெயர் மட்டும் இருக்கும். சர்ஜனோ 'மயக்கம் என் வேலையல்ல' என்பார். ஆஸ்பத்திரியோ 'அவர் எங்கள் ஊழியர் அல்ல' என்று கைவிரிக்கும்.

இந்தக் கைவிரிப்பு செல்லாது. சவிதா கார்க் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவாக இருக்கிறது: டாக்டர் நிரந்தர ஊழியரா, வெளியிலிருந்து வருபவரா என்பது நோயாளியின் கவலை இல்லை; மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டும். டாக்டரைத் தனியாகச் சேர்க்காததற்காக மனுவைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனாலும் மருத்துவமனை, சர்ஜன், மயக்க டாக்டர் மூவரையும் எதிர்தரப்பில் சேர்ப்பதே நல்லது. சம்மதப் படிவத்திலும் சார்ட்டிலும் உள்ள கையெழுத்தையும் பதிவு எண்ணையும் பாருங்கள். அவர் உண்மையில் மயக்கவியலில் பட்டமோ பட்டயமோ பெற்றவரா என்று சரிபாருங்கள்.

எல்லா வலியையும் தவறு என்று நம்புவது, எல்லாத் தவறையும் விதி என்று விடுவது

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி என்று வருடக்கணக்காகச் சொல்லும் பெண்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். அந்த நாள்பட்ட வலிக்குப் பெரும்பாலும் ஊசி காரணமில்லை. அதை வைத்து வழக்குப் போட்டால் நிற்காது. முதுகு ஊசிக்குப் பிறகு உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வருவது தெரிந்த பக்கவிளைவு. வந்தது தவறாகாது. ஆனால் நாள்கணக்கில் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் அது வேறு. முதல் நாள் ஒரு டாக்டர் 'ஈரல் பாதிப்பு இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம்' என்று எழுதியதைப் படிக்காமல் மறுநாள் மயக்கம் கொடுத்தால் அது கவனக்குறைவு. மருந்து ஒவ்வாமை இருப்பதை நீங்கள் சொல்லி, அது கேஸ் ஷீட்டிலும் இருந்து, அதே மருந்தைப் போட்டால் அதுவும் கவனக்குறைவு.

'கையெழுத்துப் போட்டுட்டோமே, இனி என்ன பண்றது' என்று ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். சம்மதப் படிவத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டது சிகிச்சையின் ஆபத்தை. டாக்டரின் அலட்சியத்தை யாரும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ள முடியாது. சமீரா கோலி வழக்கில் நோயாளி பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்தார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மயக்கம் தெளிந்ததும் நோயாளியையே கேட்டிருக்கலாம், அவசரம் ஏதும் இல்லை என்பதுதான் காரணம்.

ஸ்டேஷனை மட்டும் நம்பி இரண்டு வருடத்தைக் கடத்துவது

எல்லாவற்றிலும் அதிகம் இழப்பது இங்கேதான். எப்ஐஆர் போட்டாச்சு, டாக்டரை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று காத்திருப்பார்கள். குற்ற வழக்கில் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் நிரூபணமாக வேண்டும் என்பது 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வந்த தீர்ப்பு. அந்த வழக்கில் மூச்சுத் திணறிய நோயாளிக்கு மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அப்படியிருந்தும் டாக்டர்மீது குற்ற வழக்கு நிற்கவில்லை. வேண்டுமானால் மருத்துவமனையிடம் இழப்பீடு கேட்கலாம் என்ற வழிதான் மிஞ்சியது. டாக்டர்களைக் கண்டபடி கைது செய்யக்கூடாது, முதலில் தகுதியுள்ள வேறொரு டாக்டரின் கருத்தை வாங்க வேண்டும் என்றும் போலீசுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உயிரிழப்பு என்றால் இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆம் பிரிவு. டாக்டருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு.

மெடிக்கல் கவுன்சில் புகாரும் அப்படித்தான். டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கவோ நீக்கவோ கவுன்சிலால் முடியும், உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வாங்கித்தர முடியாது. இரண்டையும் செய்யுங்கள், தடையில்லை. ஆனால் இழப்பீட்டுக்கான நுகர்வோர் மனுவை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். போலீசும் கவுன்சிலும் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்காக அந்தக் கெடு நிற்காது. பாதிப்பு பின்னால் தெரியவந்தால் தெரிந்த நாளிலிருந்து கணக்கிட வழி உண்டு. ஆனால் வலி இருந்தும் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தவரின் மனுவை 2010இல் உச்ச நீதிமன்றமே காலாவதி என்று தள்ளியிருக்கிறது. அந்தப் பெண்ணின் வயிற்றில் ஆபரேஷன் துணி இருந்திருக்கிறது. அப்படியும் தள்ளினார்கள்.

'ஆபரேஷன் பாண்டியில், கேஸும் பாண்டியில்தான்' என்று நினைப்பது

கடலூர்க்காரர்களுக்கு எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு நிர்வாகம். நெல்லிக்குப்பம், பண்ருட்டியிலிருந்து பெரிய ஆபரேஷன் என்றாலே பலர் புதுச்சேரிக்குத்தான் ஓடுகிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே அலைய வேண்டுமே என்று சோர்ந்து வழக்கே வேண்டாம் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். புதுச்சேரியில் இருப்பவர் கடலூரில் சிகிச்சை பெற்றிருந்தால் அவருக்கும் இதே வசதி.

எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகை தீர்மானிப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கும். கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை. இது தெரியாமல் 'பெரிய தொகை கேட்டால் சென்னைக்குப் போகணுமாம்' என்று கேட்க வேண்டியதைக் குறைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

'நாங்கள் பணமே கட்டவில்லை, இன்சூரன்ஸ் கட்டியது' என்பதும் தடையல்ல. காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும், நெய்வேலியில் உள்ளதுபோல் வேலை தரும் நிறுவனம் ஊழியருக்காகச் செலவை ஏற்றாலும் அது கட்டணச் சேவைதான் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995இலேயே தீர்ப்பாகிவிட்டது. எல்லோருக்கும் முழு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி மட்டும், அரசுடையதோ தனியாருடையதோ, நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடம் என்றால் இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். முழு இலவச அரசு மருத்துவமனை என்றால் சிவில் வழக்கும், சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் ரிட் மனுவும் இருக்கின்றன. புதுச்சேரிக்கும் அதே உயர் நீதிமன்றம்தான்.

நிபுணர் கருத்தே வேண்டாம் என்ற வாதம்

எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் சொன்னது உண்மை. ஆனால் மயக்க மருந்தில் அதை நம்பி இறங்காதீர்கள். சிறுநீரகக் கல் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபோது இதயம் நின்று, பிறகு உயிரிழந்த பெண்ணின் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்த இழப்பீட்டை 2021இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மருத்துவச் சான்று போதவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. வேறு ஊர் மயக்கவியல் பேராசிரியர் ஒருவரிடம் சார்ட்டைக் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். குடும்ப டாக்டரின் கருத்து இதற்குப் பயன்படாது.

அவசரச் சமரசமும் குறைந்த கணக்கும்

பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், மேலே கொஞ்சம் தருகிறோம் என்று சொல்லி, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியுள்ள தாளை நீட்டுவார்கள். நோயாளி இன்னும் ஐசியூவில் இருக்கும்போது அதில் கையெழுத்துப் போடவே கூடாது. பாதிப்பு எவ்வளவு என்பதே அப்போது தெரியாது.

இழப்பீடு கேட்கும்போது ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். படுத்த படுக்கையானவரைப் பார்க்க வேலையை விட்ட மனைவியின் சம்பளம், பிசியோதெரபி, டயப்பர், ஆக்சிஜன் கருவி வாடகை, வருங்காலச் சிகிச்சை எல்லாம் கணக்கில் வரும். சென்னை அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்து பார்வை இழந்த பெண் குழந்தைக்கு 2015இல் சுமார் 1.8 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பானபோது, இனி வரும் வருடங்களின் சிகிச்சைச் செலவையும் விலைவாசி உயர்வையும் சேர்த்தே உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டது. 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், தவறான ஊசியால் மூளை பாதித்த குழந்தைக்குத் தனியாகவும் பெற்றோரின் வேதனைக்குத் தனியாகவும் தொகை கொடுத்தார்கள். எனவே பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் பெற்றோரையும் மனுதாரர்களாகச் சேருங்கள்.

வக்கீல் இல்லாமல் நீங்களே மனுப் போட்டு வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. வக்கீல் வேண்டும், வசதியில்லை என்றால் கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மயக்க மருந்தால் செயலிழந்து படுத்திருப்பவர் அந்த மாற்றுத்திறனாளிகளில் சேருவார். அதற்கான சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.