பழைய ஆர் அண்ட் பி பியானோ சத்தம்: எனக்குக் கைகொடுத்த வழி

1950களின் நியூ ஆர்லியன்ஸ் (அமெரிக்க நகரம்) ஆர் அண்ட் பி-யை, அதாவது ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையைக் கம்ப்யூட்டரின் சாம்பிள் பியானோவில் (நிஜப் பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் பதிந்து வைத்த மென்பொருள்) வாசித்தால், சுரம் சரியாக இருந்தும் சத்தம் ஒட்டவே ஒட்டாது. அவ்வளவு பளபளப்பு. அந்த ஊர்ப் பியானோ பாடகர் ஃபேட்ஸ் டோமினோ 1949-இல் பதிவு செய்த ஜே அண்ட் எம் ஸ்டுடியோ, ஒலிப்பதிவாளர் காசிமோ மடாஸா ஒரு கடையின் பின்னறையில் நடத்தியது. சின்ன அறை, நாலைந்து மைக், எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பு. டிரம்ஸ் பியானோ மைக்கில் கசியும், பியானோ சாக்ஸ் மைக்கில் கசியும். அந்தக் கசிவில்தான் உயிரே இருக்கிறது.

சரி என்று முதலில் பியானோவை மோனோ (இடம் வலம் பிரியாத ஒற்றைச் சத்தம்) ஆக்கினேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டினேன். நடு ஸ்தாயியில் சில சுரங்களை மட்டும் நான்கைந்து சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) சுருதி விலக்கினேன். அப்புறம் டேப் சாச்சுரேஷன் (பழைய டேப்பில் சத்தம் அதிகமானால் வரும் கரகரப்பு), ஓங்கி அடிக்கும் கட்டைகள் மட்டும் லேசாகக் கரகரக்கும் அளவுக்கு.

ஆனால் நிஜமான மாற்றம் வந்தது வேறொன்றால். பியானோ, டிரம்ஸ், சாக்ஸ் மூன்றையும் வீட்டு ஹாலில் ஒரே ஸ்பீக்கரில் ஓடவிட்டு, ஆறடி தள்ளி ஒரு டைனமிக் மைக் வைத்துத் திரும்பப் பதிந்தேன். ஜன்னல் திரைகளைக் கழற்றியதும் சுவரின் எதிரொலி நன்றாகவே கேட்டது. அதை அசலோடு மெல்லக் கலந்ததும் மூன்று வாத்தியமும் ஒரே அறையில் வந்து உட்கார்ந்துவிட்டன. எந்த ரிவர்ப் பிளக்இன்னும் (எதிரொலி சேர்க்கும் மென்பொருள்) எனக்கு இதைத் தந்ததில்லை.

வலது கை ட்ரிப்லெட்டுகளை (ஒரு தட்டுக்கு மூன்று சுரம்) குவாண்டைஸ் மட்டும், அதாவது கம்ப்யூட்டரால் தாளத்துக்கு அச்சாகச் சீர்செய்வதை மட்டும், செய்துவிடாதீர்கள். இடது கையைச் சற்று அடக்கி வாசித்தால் டபுள் பேஸுக்கும் இடம் கிடைக்கும்.