மேக்னவாக்ஸ் ஒடிஸியின் விளையாட்டுகள்: பலரும் சறுக்கும் இடங்கள்

பழைய வீடியோ கேம்களைப் பற்றி எழுதுபவர்கள் ஒடிஸியைப் பெரும்பாலும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். உலகின் முதல் வீட்டு வீடியோ கேம் கருவி, திரையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான் என்று. 1972 செப்டம்பரில் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனம் இதை விற்பனைக்கு விட்டது. 1975இல் நிறுத்திவிட்டது. அதற்குள் விற்றவை சுமார் 3.5 லட்சம். முதல் கருவி என்பது சரி, மூன்று புள்ளிகள் என்பதும் சரி. "அவ்வளவுதான்" என்பதுதான் சரியில்லை.

முதல் சறுக்கல் கார்டில். பெட்டியோடு வரும் சின்னச் சின்ன அட்டைகளைக் கருவியின் முன்பக்கத்தில் செருக வேண்டும். பார்த்தவுடன், பின்னாளில் வந்த கேம் கார்ட்ரிட்ஜ் போல இதற்குள்ளும் ஒரு விளையாட்டு பதிந்திருக்கும் என்றே யாருக்கும் தோன்றும். அதற்குள் ஒன்றும் இல்லை. சிப் இல்லை, நினைவகம் இல்லை. கருவியிலேயே மைக்ரோபிராசஸர் கிடையாது. சுமார் 40 டிரான்சிஸ்டரும் அதே அளவு டையோடும்தான். கார்டு செய்வதெல்லாம் கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுகளில் எதை எதோடு இணைப்பது என்று தீர்மானிப்பதுதான். ஒரு கார்டைப் போட்டால் பந்துப் புள்ளி மட்டையில் பட்டுத் திரும்பும். இன்னொன்றைப் போட்டால் இரண்டு புள்ளிகள் தொட்டதும் ஒன்று மறையும். அந்தக் குணத்துக்கு என்ன பெயர் வைத்து, என்ன விதியோடு விளையாடுவது என்பது வெளியே காகிதத்தில் இருக்கிறது.

இது புரியாமல் எண்ணிக்கை சொல்லப் போனால் எல்லாம் குழம்பும். மொத்தம் 28 விளையாட்டுகள் வந்தன, கார்டுகள் 11 மட்டுமே. அமெரிக்கப் பெட்டியில் 6 கார்டு, 12 விளையாட்டு. ஆறாம் எண் கார்டு ரூலெட்டுக்கும் உதவும், அமெரிக்க மாநிலங்களைக் கற்றுத்தரும் ஸ்டேட்ஸுக்கும் உதவும். மூன்றாம் எண் கார்டில் டென்னிஸ், ஹாக்கி, அனலாஜிக் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அப்புறம், ஏற்றுமதிப் பதிப்புகளில் சில விளையாட்டுகள் மாறின. அதனால் "பெட்டியில் இவைதான் இருந்தன" என்று எழுதும்போது எந்த நாட்டுப் பெட்டி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, திரையை மட்டும் படம் பிடித்துப் போட்டு "பாருங்கள், எவ்வளவு மொக்கை" என்று சிரிப்பது. கறுப்புத் திரையில் இரண்டு சதுரங்கள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஆனால் யாரும் அப்படி விளையாடவில்லை. டிவி கண்ணாடியின் மேல் வண்ணம் அச்சடித்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டிக்கொள்வார்கள். அது நிலைமின்சாரத்திலேயே ஒட்டி நிற்கும். பெட்டிக்குள் பகடை, சீட்டு, பொய்ப் பணம், சூதாட்டச் சில்லு, மதிப்பெண் தாள் எல்லாம் இருந்தன. ஹான்டட் ஹவுஸ் என்ற விளையாட்டில் ஒருவர் துப்பறிவாளர், மற்றவர் பேய். பேயாக இருப்பவர் தன் புள்ளியைத் தாளில் அச்சடித்த வீட்டுக்குள் ஒளித்துவைப்பார். துப்பறிவாளர் துப்புச் சீட்டுகளைத் தேடிக்கொண்டு அறை அறையாகப் போவார். ஸ்கீயில் மலைச்சரிவில் வரைந்த பாதையை விட்டு விலகாமல் புள்ளியை இறக்க வேண்டும். விலகினீர்களா இல்லையா என்று கருவிக்குத் தெரியாது, ஏனென்றால் டிவியின் மேல் தாள் இருப்பதே அதற்குத் தெரியாது. ஒலியும் கிடையாது, ஸ்கோரும் காட்டாது. கணக்கு வைப்பதும், "நீ மரத்தில் மோதிட்டே" என்று சண்டை போடுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை. பரமபத அட்டைக்கும் டிவிக்கும் நடுவில் நிற்கும் ஒரு பொருள் இது. அதைத் திரையை மட்டும் வைத்து மதிப்பிட்டால், பகடையை மட்டும் பார்த்துவிட்டு அட்டையைப் பற்றி எழுதியது போல ஆகும்.

இன்னொன்று, பழைய கருவிகளைக் கணினியில் ஓட்டிக்காட்டும் எமுலேட்டருக்கு "ஒடிஸி ரோம்", அதாவது விளையாட்டின் புரோகிராம் நகல், தேடி அலைய வேண்டாம். புரோகிராமே இல்லாதபோது ரோம் எங்கிருந்து வரும்? கணினியில் கிடைப்பவை அந்தச் சுற்றுகள் நடந்துகொள்ளும் விதத்தைப் போலச் செய்பவை. விதிப் புத்தகம் இல்லாமல் அவற்றை ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும்.

பழைய ஒடிஸியை வாங்கப் போகிறவர்கள் கருவி ஓடுகிறதா என்பதை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். இதில் காகிதமே பாதி விளையாட்டு. ஸ்டேட்ஸ் சீட்டுகளில் பத்து காணாமல் போயிருந்தால் அந்த விளையாட்டே போச்சு. திரைத் தாள்கள் அன்றைய டிவி அளவுகளுக்கு ஏற்ப இரண்டு அளவில் வந்தன. இரண்டும் கலந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி அறையையும் திறந்து பாருங்கள். ஆறு சி அளவு பேட்டரிகள் உள்ளே ஒழுகிக் கெட்டிருக்கலாம். ஆன்டெனா வழியாக 3 அல்லது 4ஆம் சேனலில் தெரியும் கருவி என்பதால், அனலாக் டியூனர் இல்லாத இன்றைய தட்டை டிவியில் நேரடியாக வராது. வந்தாலும் தாள் பொருந்தாது.

ஒடிஸிக்கென்று தனியாக விற்ற விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றியும் கொஞ்சம் மிகையாகவே எழுதுகிறார்கள். ஷூட்டிங் கேலரி தொகுப்பில் நான்கு விளையாட்டுகள் வந்தன. துப்பாக்கி திரையில் குறியைக் கண்டறிவதில்லை, வெளிச்சத்தைத்தான் கண்டறிகிறது. பல்புக்கு நேரே நீட்டினாலும் குறியில் பட்டதாகவே கணக்காகும்.

கடைசியாக, "பாங் விளையாட்டைப் பார்த்து ஒடிஸி செய்தார்கள்" என்ற தலைகீழ்க் கதை. பாங் என்பது அட்டாரி நிறுவனம் வெளியிட்ட, காசு போட்டு ஆடும் டேபிள் டென்னிஸ் விளையாட்டு. ஒடிஸியைக் கண்டுபிடித்த ரால்ஃப் பேர் இந்த யோசனையை எழுதி வைத்தது 1966 செப்டம்பரில். அட்டாரியின் நோலன் புஷ்னெல் 1972 மே மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த மேக்னவாக்ஸ் காட்சியில் ஒடிஸியின் டேபிள் டென்னிஸை ஆடிப் பார்த்தார். பாங் வந்தது அதே ஆண்டின் இறுதியில். மேக்னவாக்ஸ் 1974இல் வழக்குப் போட்டது, 1976இல் அட்டாரி உரிமம் பெற்றுச் சமரசம் செய்துகொண்டது. அதற்காகப் பாங்கைத் திருட்டு என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. ஒலியும் ஸ்கோரும், மட்டையின் எந்த இடத்தில் பட்டதோ அதற்கேற்பத் திரும்பும் பந்தும் அதில்தான் இருந்தன. ஒடிஸியில் பந்தை வளைக்க இங்கிலிஷ் என்ற தனித் திருகை கையால் திருக வேண்டும், பந்து பாதி வழியில் இருக்கும்போதும் திருகலாம். இரண்டையும் ஆடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படும் வித்தியாசம் அதுதான்.