அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன் வீட்டு பிளானைத் திருத்துவது எப்படி?

பொறியாளர் கொடுத்த பிளான் கையில் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது அறைகளை எண்ணுவதுதான். ஹால் இருக்கிறது, இரண்டு படுக்கையறை இருக்கிறது, பூஜையறைக்கும் இடம் விட்டிருக்கிறார். சரி, வேலையைத் தொடங்கலாம் என்று நாள் குறித்துவிடுகிறோம். நாங்கள் முதலில் கட்டிய வீட்டில் நானும் அப்படித்தான் செய்தேன். குடிபோன அன்று ஃப்ரிட்ஜ் சமையலறைக்குள் நுழையவில்லை. பதினோரு ஆண்டுகள் அது ஹாலில்தான் நின்றது. ஒவ்வொரு முறை பால் எடுக்கவும் அம்மா ஹாலுக்கு நடந்ததைப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். தாளில் ஒரு கோட்டை நகர்த்த ஒரு ரப்பர் போதும். செங்கல் ஏறிய பிறகு நகர்த்துவதற்கு ஆள், மணல், சிமெண்ட், மன வருத்தம் எல்லாம் வேண்டும்.

எடுத்துக்காட்டுக்குக் கிழக்குப் பார்த்த 30க்கு 40 மனையை எடுத்துக்கொள்வோம். தெருப்பக்கம் 30 அடி. மொத்தம் 1200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு, இரண்டே முக்கால் சென்ட்.

படி 1: கையில் உண்மையில் எத்தனை அடி இருக்கிறது?

மனை 30 அடி என்றால் வீடு 30 அடி அல்ல. பக்கத்துக்கு ஒரு மீட்டர் காலியிடம் விடுவதாக வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 6 அடி 6 அங்குலம் போகிறது. மிச்சம் 23 அடி 6 அங்குலம். வெளிச்சுவர்கள் இரண்டும் 9 அங்குலம். அதற்கு ஒன்றரை அடி. நடுவில் ஒரு 9 அங்குலச் சுவர். கழித்துப் பாருங்கள், உள்ளே கிடைப்பது 21 அடி 3 அங்குலம். ஆக, தெற்கில் 10 அடி, வடக்கில் 11 அடி என்று இரண்டு அறைகளை அடுத்தடுத்து வைக்கலாம். மீதி 3 அங்குலம் பூச்சுக்குப் போய்விடும். அதை ஒதுக்காமல் செங்கல்லிலிருந்து செங்கல்லுக்கு 10 அடி வைத்தால், சுவருக்குச் சுமார் அரை அங்குலம் பூச்சு என்ற கணக்கில் அறை பூசி முடித்ததும் 9 அடி 11 அங்குலமாகிறது. மனையடி சாஸ்திரப்படி அறை அளவு பார்க்கும் குடும்பங்களுக்கு இந்த ஓர் அங்குலம் முக்கியம். அவர்கள் 10, 11, 16 என்று கேட்பது உள் அளவு. அது செங்கல்லிலிருந்து செங்கல்லுக்கா, பூச்சிலிருந்து பூச்சுக்கா என்பதை மேஸ்திரியிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

விட வேண்டிய காலியிடம் சாலையின் அகலத்துக்கும் மனையின் அளவுக்கும் ஏற்ப மாறும். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு அந்த எண்ணை பிளானின் ஓரத்தில் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. அங்கேயும் விதிப்படி இடம் விட்டாக வேண்டும். விட்டிருக்கிறேன் என்று சான்று தருவது நீங்கள்தான்.

படி 2: அட்டையை வெட்டுங்கள்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று பிளானை மீண்டும் நீங்களே வரையுங்கள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையை எடுத்து, உங்கள் பொருட்களை அதே அளவில் வெட்டுங்கள். கட்டில், பீரோ, சோபா, தையல் மிஷின், ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் என்று எதையும் விடாமல் டேப்பால் அளந்து வெட்ட வேண்டும்.

தென்மேற்குப் படுக்கையறையை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். வடக்கு தெற்கில் 10 அடி, கிழக்கு மேற்கில் 11 அடி. பெரிய கட்டில் 6 அடி அகலம், தலைப்பலகையோடு 7 அடி நீளம். கிழக்கே தலை வைத்துப் போட்டால் இரண்டு பக்கமும் 2 அடி நடை கிடைக்கிறது. கால்மாட்டில் 4 அடி மிச்சம். மேற்குச் சுவரில் 2 அடி ஆழத்தில் அலமாரி வைத்தால் இடையில் 2 அடி. ஒருவர் நடக்கலாம், ஆனால் வெளியே திறக்கும் அலமாரிக் கதவுக்கு இடம் இல்லை. நகர்த்தும் கதவுதான் சரி. இனி அறையின் கதவு. வடக்குச் சுவரின் நடுவில் 3 அடிக் கதவை வரைந்திருந்தால், திறக்கும்போது அது கட்டிலில் முட்டும். அங்கே இருப்பது 2 அடிதான். அதே கதவை வடமேற்கு மூலைக்குத் தள்ளுங்கள். கீல் மூலையில் இருக்கட்டும். திறந்த கதவு மேற்குச் சுவரோடு ஒட்டி நிற்கும். அலமாரியை அந்த மூலையிலிருந்து 3 அடி தள்ளித் தொடங்கினால் 7 அடி அலமாரி தாராளமாக அமையும். அறையின் அளவு ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. கதவு நகர்ந்தது, அறை பிழைத்தது. இதே அறை 10க்கு 10 ஆக இருந்தால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஓர் அடிதான் மிஞ்சும்.

சமையலறையிலும் இதே வேலைதான். மேடை 2 அடி ஆழம். இரண்டு பக்கமும் மேடை வேண்டுமென்றால் அறை 8 அடி அகலமாவது இருக்க வேண்டும். நடுவில் 4 அடி கிடைத்தால் ஒருவர் குனிந்து அரிசி எடுக்கும்போதும் மற்றவர் கடந்து போகலாம். 7 அடி அகலத்தில் ஒருவர் குனிந்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு இரண்டரை அடி ஒதுக்கி, அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் வரைந்து காட்டுங்கள். மேடையின் உயரத்தைச் சமைப்பவரை நிற்க வைத்து முடிவு செய்யுங்கள். சிலிண்டரைக் கூடுமானவரை வெளியே வையுங்கள். உள்ளேதான் என்றால் தரையோடு ஒட்டிக் காற்றுப் போக்கு வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

படி 3: ஒரு நாளைத் தாளில் வாழ்ந்து பாருங்கள்

ஒரு பென்சிலை எடுத்து, காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை வீட்டில் ஒவ்வொருவரும் நடக்கும் வழியைக் கோடாகப் போடுங்கள். கோலப்பொடி எங்கே இருக்கிறது? துவைத்த ஈரத்துணி வாளியோடு கொடிக்குப் போகிறவர் ஹாலின் நடுவே நடக்கிறாரா? விருந்தாளி சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கண்ணுக்கு நேராகக் கழிப்பறைக் கதவு தெரிகிறதா? சாப்பிட்ட கையைக் கழுவ எத்தனை அடி நடக்க வேண்டும்? இரவில் எழுந்து போகும் பாட்டி எத்தனை படி ஏறி இறங்குகிறார்? ஒரே இடத்தில் கோடுகள் குவிந்து கருப்பாகிவிட்டால் அங்கே நெரிசல் வரும்.

நம் வீடுகளில் நல்லது கெட்டது இரண்டும் ஹாலில்தான் நடக்கின்றன. பத்திருபது பேர் பாய் விரித்து உட்கார ஒரு முழுச் சுவராவது கதவு இல்லாமல் இருக்க வேண்டும். நான்கு சுவரிலும் கதவு வைத்த ஹால் பெரிய நடைபாதைதான்.

படி 4: வெயிலும் காற்றும்

கிழக்குப் பார்த்த வீட்டில் அக்னி மூலையான தென்கிழக்கு தெருப்பக்கம் வருவதால் சமையலறை முன்னால் வந்துவிடும். அதன் பின்கதவைத் தெற்குச் சந்தில் வைத்துப் பாத்திரம் துலக்கும் இடத்தையும் அங்கேயே ஒதுக்குங்கள். குபேர மூலையான தென்மேற்கில் பெரிய படுக்கையறை. வாஸ்துவை நம்புகிறவர்கள் இதை மாற்ற மாட்டார்கள், மாற்றவும் சொல்லவில்லை. ஆனால் சாயுங்கால வெயில் முழுவதையும் வாங்குவது அந்த அறைதான் என்பதைத் தெரிந்து திருத்துங்கள். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேட் அதைத் தடுக்காது. நாம் மேற்குச் சுவரில் வைத்த அலமாரி இங்கே கைகொடுக்கிறது. சூடு நேராக அறைக்குள் இறங்காது. பெரிய சன்னலைத் தெற்கில் வையுங்கள். மாடிப்படி, குளியலறை இரண்டையும் வடமேற்குப் பக்கம் தள்ளினால் மற்ற மேற்குச் சுவருக்கும் மறைப்பு கிடைக்கும்.

சென்னைக்காரர்களுக்கு மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும். உங்கள் ஊர்க் காற்று நுழையும் சன்னலுக்கு எதிரே அது வெளியேற இன்னொரு திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காற்று உள்ளே வராது.

படி 5: மாடிப்படி

தளத்திலிருந்து தளத்துக்கு 10 அடி என்றால் 120 அங்குலம். 18 படியாகப் பிரித்தால் ஒரு படி ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முழங்கால் வலிப்பவரும் ஏறலாம். நடுவில் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கம் 9 ஏற்றம், மிதிக்க 8 பலகை. பலகை 10 அங்குலம் என்றால் 6 அடி 8 அங்குலம், திரும்பும் தளம் 3 அடி. ஏறக்குறைய 10 அடி நீளமும் ஆறரை அடி அகலமும் வேண்டும். பிளானில் இதைவிடச் சிறிய பெட்டியில் படி வரைந்திருந்தால் படிகள் செங்குத்தாகப் போகின்றன என்று அர்த்தம்.

திரும்பும் தளத்துக்கு அடியில் கழிப்பறை என்று போட்டிருந்தால் உடனே அடித்துவிடுங்கள். அந்தத் தளமே 5 அடி உயரத்தில்தான் வரும்; கான்கிரீட் கனமும் போனால் நாலரை அடி. அங்கே இன்வெர்ட்டரும் துடைப்பமும் நிற்கலாம், மனிதர் நிற்க முடியாது. மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் படியை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

படி 6: குழாய்கள்

கீழ்க் கழிப்பறைக்கு நேர் மேலே மாடிக் கழிப்பறை வரட்டும். சம்ப் என்கிற தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், போர்வெல் மூன்றையும் பிளானில் வரையச் சொல்லுங்கள். பல பிளான்களில் இவை இருப்பதில்லை. போர்வெல் ஒரு மூலை என்றால் செப்டிக் டேங்க் எதிர் மூலை. மழைநீர்த் தொட்டிக்கும் ஓர் இடம்.

படி 7: சுண்ணாம்புக் கோடு

திருத்திய பிளானை மனையிலேயே போட்டுப் பாருங்கள். கயிறு, நான்கு முளை, டேப், ஒரு பை சுண்ணாம்புத் தூள் போதும். மூலை மட்டம் பார்க்க 3, 4, 5 அடி முக்கோணம்: மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலை சரி. அக்கா வீட்டுக்கு இப்படிக் கோடு போட்டபோது, கதவு வரும் இடங்களில் மட்டும் தூளைக் காலால் துடைத்துவிட்டோம். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சோபா இடத்தில் போட்டு உட்கார்ந்தோம். திறந்த வெளியில் எல்லா அறையும் சிறியதாகத்தான் தெரியும். அதைக் கண்டு பயந்து அளவைக் கூட்டிவிடாதீர்கள், டேப்பை நம்புங்கள். மாமா சமையலறைக் கோட்டுக்குள் நின்று, அடுப்பில் இருப்பதுபோல் கிழக்கே திரும்பினார். "வாசலில் யார் வந்தாலும் இங்கிருந்து தெரியவில்லையே" என்றார். சமையலறைச் சன்னலை இரண்டடி வடக்கே நகர்த்தினோம். தாளில் நான்கு முறை பார்த்தும் எங்கள் யாருக்கும் தோன்றாத திருத்தம் அது.

முடிந்ததும் மாற்றங்களைச் சிவப்பு மையில் குறித்துப் பொறியாளரிடம் கொடுங்கள். தூண்கள் எங்கே வருகின்றன, அறைக்குள் எவ்வளவு துருத்தும் என்பதை அவர் புதிய பிளானில் காட்ட வேண்டும். 9 அங்குலச் சுவரில் 12 அங்குலத் தூண் வந்தால் 3 அங்குலம் எந்த அறைப் பக்கம் நீளும் என்று கேளுங்கள். பிறகு தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு, பழைய பிரதிகளை எல்லாம் கிழித்துவிட்டு, மேஸ்திரி கையில் அந்த ஒரே ஒரு பிளானைக் கொடுங்கள்.