டீபக் பில்டில் மட்டும் உடையும் லினக்ஸ் மெமரி கோடு: சரிசெய்வது எப்படி

லினக்ஸ் கெர்னலின் எம்எம் கோப்புறையில் ஒரு ஃபங்ஷனைத் திருத்தியிருக்கிறீர்கள். சாதாரண பில்ட் சுத்தமாக முடிகிறது. கான்ஃபிக்_டீபக்_விஎம் (மெமரி கோடில் கூடுதல் சோதனைகளை இயக்கும் விருப்பம்) போட்டால் மட்டும் "பேஜ் அன்டிக்ளேர்டு", அதாவது பேஜ் என்ற மாறி அறிவிக்கப்படவில்லை, என்று கம்பைலர் நின்றுவிடுகிறது. ஒரு மெமரிப் பக்கத்தைக் குறிக்கும் ஸ்ட்ரக்ட் பேஜை ஸ்ட்ரக்ட் ஃபோலியோவாக மாற்றும்போது (ஒன்று அல்லது பல பக்கங்களை ஒரே அலகாகக் குறிக்கும் ஃபோலியோ கெர்னல் 5.16இல் வந்தது) எளிதாக நுழைந்துவிடும் பிழை இது.

காரணம் அந்த ஃபங்ஷனில் சோதனைக்காக அழைக்கப்படும் விஎம்_பக்_ஆன்_பேஜ் மேக்ரோவில் இருக்கிறது. அதற்கு இரண்டு ஆர்க்யுமென்ட். முதலாவது நிபந்தனை, இரண்டாவது, அந்த நிபந்தனை உண்மையானால் எந்தப் பேஜின் விவரத்தை லாகில் கொட்டுவது என்பது. டீபக் அணைந்திருந்தால் முதலாவது ஒரு சைஸ்ஆஃபுக்குள் (அளவை மட்டும் கேட்கும் சி ஆபரேட்டர்) போய்விடும்: இயங்காது, ஆனால் கம்பைலர் படித்துச் சரிபார்க்கும். இரண்டாவதை மேக்ரோ அப்படியே தூக்கி எறிந்துவிடும். அங்கே இல்லாத மாறியின் பெயர் இருந்தாலும் கம்பைலர் கண்ணில் படாது.

1. மேக் மெனுகான்ஃபிக் திறந்து, கெர்னல் ஹேக்கிங் மெனுவில் மெமரி டீபக்கிங் பகுதிக்குப் போய் டீபக் விஎம்மை இயக்குங்கள். சேமித்தபின் கான்ஃபிக் கோப்பில் அந்த வரி "ஒய்" என்று இருக்கிறதா பாருங்கள். டீபக் கெர்னல் அணைந்திருந்தால் அந்த விருப்பம் மெனுவிலேயே தெரியாது.

2. முழுக் கெர்னலையும் கட்ட வேண்டாம். மேக் கட்டளைக்கு அந்த ஒரு கோப்பின் பெயரை டாட் ஓ என்ற முடிவோடு கொடுத்தால் போதும்.

3. முதல் பிழையை மட்டும் படியுங்கள். கீழே எம்எம்டீபக் ஹெடரைச் சுட்டும் குறிப்பும் வரும். அந்த ஹெடரில் கை வைக்காதீர்கள். தவறு மேக்ரோவை அழைத்த வரியில்தான். குழப்பமாக இருந்தால் டாட் ஓவுக்குப் பதில் டாட் ஐ என்று கொடுங்கள். மேக்ரோ விரிந்த வடிவம் கிடைக்கும். உங்கள் ஃபங்ஷன் அதன் கடைசிப் பக்கம் இருக்கும்.

4. அந்த வரியில் நிபந்தனை ஏற்கெனவே ஃபோலியோவுக்கு மாறியிருக்கும், இரண்டாவது இடத்தில் மட்டும் பழைய "பேஜ்" ஒட்டிக்கொண்டிருக்கும். அதை "ஃபோலியோ" என்று மாற்றுங்கள், மேக்ரோவையும் விஎம்_பக்_ஆன்_ஃபோலியோ ஆக்குங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய மேக்ரோவுக்கு ஃபோலியோவைக் கொடுத்தால் பாயின்டர் வகை பொருந்தாது.

சோதனை வரியையே நீக்குவது, பிழையை அடக்க மட்டும் ஒரு பேஜ் மாறியை அறிவிப்பது இரண்டும் வேண்டாம். அந்த மாறியை இஃப்டெஃப் கான்ஃபிக்_டீபக்_விஎம்முக்குள் அறிவித்து நிபந்தனையிலும் பயன்படுத்தினால், இந்த முறை சாதாரண பில்ட் உடையும். முதல் ஆர்க்யுமென்டைக் கம்பைலர் எப்போதும் படிக்கிறதே!

5. டீபக் இயங்கியும் அணைந்தும் இரு முறை கட்டிப் பாருங்கள். மேக் கட்டளையில் ஓ= கொடுத்துத் தனித்தனி அவுட்புட் கோப்புறைகள் வைத்துக்கொண்டால் கான்ஃபிக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். சோர்ஸ் மரத்திலேயே முன்பு கட்டியிருந்தால் முதலில் மேக் எம்ஆர்ப்ராப்பர் ஓட்டி மரத்தைச் சுத்தம் செய்யுங்கள். அது கான்ஃபிக்கையும் அழித்துவிடும், நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. பிழை ஏற்கெனவே மரத்தில் சேர்ந்துவிட்டதென்றால், கிட் லாக் -எஸ் கொண்டு அந்த மாறியை நீக்கிய கமிட்டைத் தேடி, பேட்சில் ஃபிக்ஸஸ் வரியாக (எந்தக் கமிட்டின் பிழையைத் திருத்துகிறீர்கள் என்று சொல்வது) அதன் ஹேஷின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் எழுதுங்கள்.