பரிசுக்கு மை பேனா வாங்கும்போது நிப்பின் அளவைக் கவனியுங்கள்

விலை உயர்ந்த மை பேனா பரிசளிக்கப் போகிறீர்களா? பேனாவைத் தேர்ந்தெடுக்கும் முன், பரிசைப் பெறப் போகிறவரின் கையெழுத்தைப் பாருங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் பைலட், செய்லர், பிளாட்டினம் போன்ற ஜப்பானிய பேனாக்களில் மெல்லிய கோடு போடும் ‘ஃபைன்’ நிப் வாங்கலாம். மோன்பிளாங்க், பெலிக்கான் போன்ற ஜெர்மன் பேனாதான் வேண்டுமென்றால் ‘எக்ஸ்ட்ரா ஃபைன்’ கேளுங்கள்.

காரணம், இரண்டு நாட்டு அளவுகளும் ஒன்றல்ல. ஜப்பானிய ‘மீடியம்’ ஏறக்குறைய ஐரோப்பிய ‘ஃபைன்’ அளவுக்குத்தான் எழுதும். ஜப்பானியர்கள் எழுதும் ‘கான்ஜி’ எழுத்தின் அத்தனை கோடுகளும் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டுமே! நம் ஊர் ணூ, ஞ, ழி இவற்றுக்கும் அதே பாடுதான். தடித்த நிப்பில் சுழிகள் மையால் அடைபட்டுவிடும். சாதாரணத் தாளில் மை பரவுவதால் கோடு இன்னும் தடிக்கும்.

கையெழுத்துப் போட மட்டும் பேனா வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு ‘மீடியம்’, ‘பிராட்’ எல்லாம் அழகாகவே இருக்கும். எப்போதாவது எழுதுகிறவர் என்றால் பிளாட்டினம் 3776 செஞ்சுரி பாருங்கள், அதன் மூடி மை காயாமல் பல மாதம் காக்கும்.

அப்புறம், பரிசளிக்கும் முன் ஆசைக்குக்கூட மை ஊற்றிப் பார்க்காதீர்கள். எழுதாத நிப்பை மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டு, பில்லையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். விலை தெரிந்தால் தெரியட்டும்.